பேரில்லாத எட்டு

2022 ஜூன் மாதம். மின்வெட்டுக்கும் பெட்ரோல் வரிசைக்கும் நடுவில், இலங்கை மலையகத்தில் ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து அழைப்பு. "தம்பி, வற் வரி எட்டுலருந்து பன்னெண்டாகிருச்சு. சிஸ்டத்த மாத்திக் குடுங்க." வற் என்றால் VAT, பெறுமதி சேர் வரி. எனக்கு முன்னால் யாரோ எழுதிய புரோகிராம் அது. திறந்து பார்த்தால் பில், பாக்கி, மாத அறிக்கை என்று எங்கு பார்த்தாலும் 0.08, அதாவது 8 வீதம், சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் தேடி ஒரே தட்டில் 0.12 ஆக்கிவிட்டு, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்து முதலில் கேட்டவர் மூட்டை ஏற்றும் ஓர் அண்ணன்தான். அவருடைய 45,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 3,600 கழிய வேண்டிய இடத்தில் 5,400 கழிந்திருந்தது. ஊழியர் பங்கும் 8 வீதம்தானே! சம்பளக் கணக்கும் அதே புரோகிராமில் இருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

திருத்தப் போனபோதுதான் உண்மையான வினை. முதலாளி கட்டும் பங்கு ஏற்கெனவே 12 வீதம். ஆக, இப்போது எல்லாமே 0.12. எது வரி, எது ஊழியர் பங்கு, எது முதலாளி பங்கு? வரி வரியாக வாசித்துப் பிரிக்க இரண்டு இரவு போனது. அப்படியே விட்டு, செப்டம்பரில் வரி 15 ஆனபோதும் அதே வேலையைச் செய்திருந்தால் முதலாளியின் பங்கும் ஏறியிருக்கும். அப்போது கேள்வி கேட்டிருப்பவர் வேறு ஆள்.

வற்_வீதம், ஊழியர்_பங்கு, முதலாளி_பங்கு என்று ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்து, கோடில் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பேரை எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. (பைதன் 3 தமிழிலேயே பேர் வைக்க விடும். என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தொடங்கிக் கொடுக்கிறேன்.)

சூடு கண்ட பூனை ஆனேன். அடுத்த ஒரு வருடம் கண்ணில் பட்ட எண்ணுக்கெல்லாம் பேர் வைத்தேன். நூறு = 100 என்றுகூட எழுதியிருக்கிறேன், இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 'நூறு' என்ற பேர் எண்ணைத்தான் திரும்பச் சொல்கிறதே தவிர, அது எதற்கு என்று சொல்லவில்லை. வீதத்தைக் கணக்கிட 100ஆல் வகுப்பதும், மணியை நிமிடமாக்க 60ஆல் பெருக்குவதும் பார்த்தவுடனேயே புரியும். அதற்கும் பேர் வைத்தால், வாசிப்பவர் இன்னொரு கோப்பைத் திறந்து, தெரிந்த எண்ணையே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதைவிட மோசம் பொய் சொல்லும் பேர். வற்_15 = 0.18 என்று ஒரு வரியை நானே கண்டிருக்கிறேன். 2024 ஜனவரியில் வரி 18 ஆனபோது எண்ணை மட்டும் மாற்றி, பேரை விட்டுவிட்டார்கள். உண்மையில் வற் வீதத்தை மாறிலி, அதாவது மாறாத எண், என்று சொல்வதே தப்பு. 2019 டிசம்பரில் 8, பிறகு 12, 15, 18 என்று ஏறியது எப்படி மாறிலி ஆகும்? 2022 ஜூலை பில்லை இன்று மறுபடி அச்சடித்தால் 12தான் வர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஓர் அட்டவணையில் வைத்துவிடுவதே சரி.

அப்புறம், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்துக் கணக்குப் புரோகிராம் திருத்தப் போயிருந்தேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். கோடில் அது நாட்சம்பளம் / 2 என்று இருந்தது. அதை நான் தொடவில்லை. அரைப் பேர் என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கு விளக்க வேண்டும்?

கொஞ்சம் கீழே எடை - 2 என்று இன்னொரு 2. இதற்கு மட்டும் எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. பெரிய கிளாக்கரிடம் கேட்டேன்.

"அது ஒண்ணு சாக்குக்கு, ஒண்ணு ஈரக் கொழுந்துக்கு."

சரி என்று அந்த 2ஐப் பிரித்து, சாக்குக்_கழிவு = 1, ஈரக்_கழிவு = 1 என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. அன்று ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். எத்தனையோ வருடம் அந்த 2 கேள்வியில்லாமல் ஓடியிருக்கிறது. பேர் வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது: "ஐயா, வெயில் நாளிலுமா ஈரக் கழிவு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையை ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பேரு வேணாம் தம்பி. 'இதர கழிவு'ன்னு போட்டுருங்க."