ருசியை மட்டும் பார்த்து செஃபை வேலைக்கு வைக்காதீர்கள்

"சமையல் பிரமாதம், ஆனால்..." என்றுதான் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஆரம்பிக்கின்றன. ஒரே குடும்பத்துக்காக வீட்டோடு இருந்து சமைக்கும் பிரைவேட் செஃப்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவது என் தொழில். போன மாதம் வந்த போனில் அந்த 'ஆனால்' ஆஸ்பத்திரியில் இருந்தது. முந்திரி அலர்ஜி உள்ள குழந்தை. கிரேவி கெட்டியாக வரட்டும் என்று செஃப் பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி முந்திரி விழுதைச் சேர்த்துவிட்டார். பரிமாறும்போது "இதில் நட்ஸ் எதுவும் இல்லையே?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அப்போதுதான் செஃபுக்கு ஞாபகம் வந்ததாம். அத்தனையையும் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்ய நேரமில்லை, கொதித்ததில் வீரியம் போயிருக்கும் என்று நினைத்து, "இல்லை" என்று சொல்லிவிட்டார். அட்ரினலின் ஊசி நேரத்துக்குப் போட்டதால் குழந்தை தப்பித்தது.

கொதிக்க வைத்தால் முந்திரி அலர்ஜி போகாது. வறுத்தாலும் போகாது. முந்திரி பொரித்த எண்ணெயில் அடுத்து வேறு எதைப் பொரித்தாலும் ஆபத்துதான். கைக்குப் போடும் சானிடைசரும் இதற்கு உதவாது, சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் அந்த செஃபுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் 'இல்லை' என்று சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை.

"கைமணம் இருக்கிறது, மற்றதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்" என்று குடும்பங்கள் நினைக்கின்றன. நேர்மாறாகத்தான் நடக்கிறது. ருசியைப் போகப்போகச் சரிசெய்யலாம். உப்பு, புளிப்பு, பதம் எல்லாம் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். 'ஆமாம், தப்பாகப் போட்டுவிட்டேன்' என்று உடனே சொல்லும் குணத்தை என்னால் பயிற்சியில் கொடுக்க முடியவில்லை. உணவகம் என்றால் ஆர்டர் எடுப்பவர், தட்டைச் சரிபார்ப்பவர், தலைமை செஃப் என்று பல கண்கள் இருக்கும். வீட்டில் சாமான் வாங்குவது, லேபிள் படிப்பது, சமைப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது எல்லாம் ஒரே ஆள். அவர் வாயில் வரும் பதிலைச் சரிபார்க்க வேறு யாரும் இல்லை. பொய் சொல்கிற செஃப் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

அடுத்து, தெரியாததைக் கேட்கும் பழக்கம். வீட்டுப் பெரியவருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, தானாகவே சோடியம் குறைந்த உப்பை வாங்கிப் போட்டார் ஒருவர். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது உடம்பில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதும் இப்படித்தான். கொடுக்கவே கூடாது.

நான் மனதாரப் பாராட்டும் செஃப் ஒருவர் இருக்கிறார். சாப்பிட்டு வந்த தட்டைப் பார்க்காமல் கழுவப் போட மாட்டார். ஒரு நாள் வயதான அம்மாவின் தட்டு ஓரத்தில், பாதி மென்று வைத்த இறைச்சித் துண்டுகள் இருந்தன. மறுநாள் அதே இறைச்சியை நார் நாராகப் பிரியும்வரை வேகவைத்துக் கொடுத்தார். பல் வலியைப் பிள்ளைகளிடம் சொல்லாத அந்த அம்மா முழுவதையும் சாப்பிட்டார். வித்தியாசமாகச் சமைத்து அசத்த வேண்டும் என்ற துடிப்பு அந்த செஃபிடம் குறைவு. அசந்து வீட்டுக்கு வருகிறவர் வெறும் சாதமும் அவித்த முட்டையும் கேட்டால், முகம் சுளிக்காமல் அதை ஒழுங்காகச் செய்து வைப்பார்.

வாய்க் கட்டுப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. யாருடைய மாத்திரை ஃபிரிட்ஜில் இருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் செஃபுக்குத் தெரிந்துவிடும். அது எதுவும் வெளியே போகக் கூடாது. தட்டைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களே, பின்னால் குழந்தை முகம் தெரிகிறதா என்று பாருங்கள். அதைவிட, போடாமலே இருங்கள்.

வேலைக்கு வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கச் சமைக்கச் சொல்லிப் பாருங்கள். ருசியோடு நிறுத்தாதீர்கள். "இந்த சாஸில் என்னென்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துச் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த சாதத்தைக் காட்டி, சூடுபண்ணலாமா என்று கேளுங்கள். அதில் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு சூடுபண்ணினால் போகாது. "கொட்டிவிடலாம்" என்று தயங்காமல் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

குடும்பங்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். செஃப் ஒரு தப்பை ஒத்துக்கொள்ளும்போது விருந்தினர் முன்னால் கத்தாதீர்கள். ஒருமுறை அப்படி அவமானப்பட்டவர் அடுத்த முறை மறைக்கத்தான் பார்ப்பார். வாந்தி, பேதி என்று சொன்னால், நின்ற பிறகும் 48 மணி நேரம் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளம் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உங்களுக்கே சமைப்பார். வீட்டில் யாருக்கு என்ன அலர்ஜி, என்ன மருந்து என்பதை எழுதி கிச்சன் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக மருந்து ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே அதிலும் எழுதிவிடுங்கள்.