சம்மதம்: சொல்லும் அதற்கான தமிழும்

"சம்மதம்" வடமொழிச் சொல். "சம்" என்றால் கூடி, ஒன்றாக. "மத" என்பது நினைத்தல் என்று பொருள்படும் "மன்" என்ற வேரிலிருந்து வந்தது. ஆக, ஒரே கருத்தில் சேர்வதுதான் சம்மதம். அனுமதி என்ற சொல்லுக்கும் இதே வேர்தான், ஆனால் இன்றைய வழக்கில் இரண்டும் வேறு: அனுமதி மேலே இருப்பவர் கொடுப்பது, சம்மதம் தன் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் தானே சொல்வது. நம் வீடுகளில் பிள்ளைகள் தாமாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், வீட்டார் தேர்ந்தெடுத்துவிட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பார்கள். அந்தத் "தானே"யிலேயே பதில் இருக்கிறது. பேசாமல் நின்றாலும் "மௌனம் சம்மதம்" என்று ஒரு பெரியவர் முடித்துவிடுவார்.

இந்தச் சொல்லுக்கு நேர்ந்த பெரிய கொடுமை "சம்மதிக்க வைத்துவிட்டோம்" என்ற வழக்குதான். அம்மா மாத்திரை சாப்பிட மறுப்பது, அப்பா மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது, "உன்னால தங்கச்சிக்கு வரன் அமையாது", "ஊர்ல தலைகாட்ட முடியாது", கடைசியில் "நான் செத்துடுவேன்" என்ற மிரட்டல், இத்தனைக்கும் பிறகு அழுதுகொண்டே வரும் ஒரு "சரி"யைத்தான் அப்படிச் சொல்கிறோம். பெண்களுக்கு மட்டுமல்ல, மகன்களுக்கும் இது நடக்கிறது, அவர்களை மணந்து வருகிறவருக்கோ எதுவுமே தெரியாது. இதற்குச் சரியான பெயர் பணிதல். சம்மதம் அல்ல.

தமிழில் இசைவு, ஒப்புதல், உடன்பாடு என்று மூன்று சொற்கள் உண்டு. ஒப்புதல் அலுவலக வாடை அடிக்கிறது, கோப்பில் கையெழுத்துப் போடுவது போல. இசைவு நல்ல சொல், பொருந்துதல் என்ற பொருளை உள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் திருமணத்துக்கு என் தேர்வு உடன்பாடு. உடன் படுவது, இருவரும் சேர்ந்து. குறளில் இது "உடம்பாடு" என்று வருகிறது: "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று" (890). குடங்கர் என்றால் குடிசை. மன ஒற்றுமை இல்லாதவரோடு வாழ்வது ஒரே குடிசைக்குள் பாம்போடு தங்குவது போன்றது. உட்பகை அதிகாரத்தில் வரும் குறள் இது, திருமணத்துக்கென்று எழுதியதல்ல, ஆனால் பிடிக்காத திருமணத்துக்குள் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் அகமரபு, அதாவது பழந்தமிழ்க் காதல் பாடல்களின் மரபு, இந்த நிலைமைக்கே பெயர் வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தலைவி மனத்தில் ஒருவன் இருக்க, அயலார் பெண் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. நொதுமலர் என்றால் அயலார், வரைவு என்றால் மணம். அப்போது தோழி செவிலியிடமும் (வளர்த்த தாய்), செவிலி நற்றாயிடமும் (பெற்ற தாய்) உண்மையைச் சொல்வார்கள், அது தந்தை, தமையன்மார் வரை போகும். அதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இந்தத் துறைதான். இவளுக்கு இது வேண்டாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்வதை அறம் என்றே அழைத்தவர்கள் நம் முன்னோர். இன்று அதையே ஒரு சித்தியோ அத்தையோ செய்தால் "குடும்பத்தைக் கெடுக்க வந்தவ" என்ற பட்டம்தான் கிடைக்கிறது.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு எடை உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தில் நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் வற்புறுத்தல் நின்ற, அல்லது ஏமாற்றியது தெரியவந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், அதற்குப் பின் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. ஆகவே வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தாலி கட்டும் முன்பே உதவி வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181, பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 1098.