ஆர் தேர்வு, கே தேர்வு: இரண்டு எழுத்துகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

உயிரியல் பாடத்தில் சூழலியல் பகுதிக்கு வந்தவுடன் இந்த இரண்டு எழுத்துகள் எதிர்ப்படும். கொசு, எலி, களைச்செடி எல்லாம் 'ஆர் தேர்வு' உயிரினங்கள். யானை, திமிங்கிலம், மனிதக் குரங்கு எல்லாம் 'கே தேர்வு' உயிரினங்கள். முதல் வகை ஏராளமாகப் பெற்று அப்படியே விட்டுவிடும். இரண்டாம் வகை ஒன்றோ இரண்டோ பெற்றுப் பொத்திப் பொத்தி வளர்க்கும். இதை இரண்டு பத்தி கொண்ட அட்டவணையாக எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

அந்த ஆர் என்ன, கே என்ன என்று கேட்டால்தான் பலரும் விழிப்பார்கள். தமிழ்ப் புத்தகங்களும் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டுமானால் எழுத்துகள் பிறந்த இடத்துக்குப் போய் வர வேண்டும். அங்கே அவை எந்த விலங்கையும் குறிக்கவில்லை. ஒரு சமன்பாட்டில் இருக்கும் இரண்டு எண்களைக் குறிக்கின்றன.

பெல்ஜியக் கணிதர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838இல் மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். எந்த இனமும் இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, ஓயாமல் பெருகிக்கொண்டே போக முடியாது. எண்ணிக்கை கூடக் கூட இடமும் உணவும் இறுகும், வளர்ச்சி தளரும் என்பது அவருடைய எண்ணம். 1845இல் அந்த வளைகோட்டுக்கு 'லாஜிஸ்டிக்' என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்று அவர் விளக்கவில்லை. பிறகு அது கிட்டத்தட்ட மறக்கப்பட்டே போனது. 1920இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்லும் லோவெல் ரீடும் தாங்களாகவே அதே வளைகோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வெர்ஹுல்ஸ்ட்டின் பெயர் மீண்டும் வெளியே வந்தது.

இன்று நாம் எழுதும் வடிவத்தில் சிறிய ஆர் என்பது, நெருக்கடி ஏதும் இல்லாதபோது ஒரு இனம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைச் சொல்லும் எண். பெரிய கே என்பது அந்த இடம் எவ்வளவு பேரைத் தாங்கும் என்ற எல்லை. ஜெர்மன் மொழியில் 'கொள்திறன்' என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து அது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஓர் இடம் 1,000 மான்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 100 மான்கள் இருக்கும்போது ஒவ்வொன்றும் தன் முழு வேகத்தில் 90 விழுக்காட்டில் பெருகும். 900 மான்கள் ஆனதும் அது 10 விழுக்காடாகச் சுருங்கிவிடும். 1,000ஐத் தொட்டால் பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரி.

காகிதத்தில் இது அழகாக வளைந்து நிற்கும். நிலத்தில் அப்படி நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு இருக்கிறது. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையினர் அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவசரத்துக்கு உணவாகட்டும் என்ற ஏற்பாடு. போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. அவற்றைத் தின்னும் ஓநாய் அங்கே கிடையாது. தரை முழுக்க லைக்கன் தடித்து வளர்ந்திருந்தது. (பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வளர அது எடுத்துக்கொள்ளும் காலம் மிக நீளம்.) டேவிட் கிளெய்ன் என்ற உயிரியலாளர் 1957இல் போய் எண்ணியபோது 1,350 மான்கள் இருந்தன. 1963இல் 6,000. அதே நேரத்தில் உடல் எடை குறைந்திருந்தது, லைக்கன் மேய்ந்து தீர்ந்திருந்தது. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையாக அமைந்தது. 1966இல் அவர் மறுபடி போனபோது உயிரோடு இருந்தவை 42. அதில் 41 பெண் மான்கள். மிச்சமிருந்த ஒரே ஆணின் கொம்பும் முறையாக வளர்ந்திருக்கவில்லை. தீவெங்கும் எலும்புக்கூடுகள். சில பத்தாண்டுகளில் அந்தத் தீவில் பனிமானே இல்லாமல் போனது.

தாங்கும் எல்லை தீவின் மேல் அடித்துவைத்த முளையாக நின்றிருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. லைக்கன் அழிய அழிய எல்லையே கீழே இறங்கிவிட்டது. மனிதர் கணக்கிலோ இது மேலே நகர்ந்திருக்கிறது. பேர்லும் ரீடும் அமெரிக்க மக்கள்தொகை ஏறக்குறைய 19 கோடியே 70 லட்சத்தில் நின்றுவிடும் என்று கணக்கிட்டார்கள். 1967இல் அது 20 கோடியைத் தாண்டிவிட்டது.

கே என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட சொல் 'கேரியிங் கெபாசிட்டி'. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும் என்பதைக் குறித்த சொல். பின்னர் அது மேய்ச்சல் நிலத்துக்கு வந்து, ஒரு நிலத்தில் எத்தனை மாடுகளை மேய்க்கலாம் என்ற கணக்கானது. அங்கிருந்து வேட்டை விலங்குப் பராமரிப்புக்கும் சூழலியலுக்கும் வந்தது. சமன்பாட்டின் கேயையும் இந்தச் சொல்லையும் ஒன்றாக்கியது யூஜின் ஓடம் 1953இல் எழுதிய சூழலியல் பாடநூல். தமிழில் கொள்ளளவு, சுமக்கும் திறன், தாங்குதிறன் என்று மூன்றுமே புழக்கத்தில் உண்டு. என் ஓட்டு தாங்குதிறனுக்கு. கொள்ளளவு என்றதும் மேட்டூர் அணையின் டி.எம்.சி. கணக்குதான் மனதில் ஓடும். அது ஒரு பாத்திரத்தின் அளவு. சுமக்கும் திறனில் பழைய கப்பல் வாடை இன்னும் இருக்கிறது. 'தாங்குதல்' என்பதில் மட்டும்தான் எடையைப் பொறுப்பதும் உண்டு, உயிரை வாழவைப்பதும் உண்டு, தாங்காமல் போவதும் உண்டு. பனிமான் தீவுக்கு நேர்ந்தது அந்த மூன்றாவது.

சரி, இந்த எண்கள் 'தேர்வு' ஆனது எப்படி? ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிர்ப்புவியியல் பற்றி எழுதி 1967இல் வெளியிட்ட நூலில்தான் இந்த இரண்டு பெயர்களும் முதன்முதலில் வருகின்றன. 1883இல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலைத் தீவு வெடித்தது. அப்படி மொட்டையாகிப்போன ஒரு தீவில் முதலில் போய் இறங்கும் உயிருக்குப் போட்டி இல்லை. கிடைப்பதை வாரிச் சுருட்டி அதிகமாகப் பெறுகிறதே, அதுதான் வெல்லும். தீவு நிரம்பிய பிறகு ஆட்டம் மாறிவிடும். குறைந்த உணவில் தாக்குப்பிடித்து, சில குஞ்சுகளையாவது ஆளாக்கிவிடும் உயிர் நிலைக்கும். முதல் நிலையில் இயற்கை ஆரைக் கூட்டும் பண்புகளைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவதில் நெரிசலைச் சமாளிக்கும் பண்புகளை. அவர்கள் பேசியது இவ்வளவுதான். கூட்டம் இல்லாத இடம், கூட்டம் நிறைந்த இடம்.

1970இல் எரிக் பியாங்கா ஒரு சிறு கட்டுரையில் இதை இரண்டு பத்தி அட்டவணையாகப் போட்டார். ஒரு பக்கம் சிறிய உடல், குறுகிய ஆயுள், சீக்கிரம் இனப்பெருக்கம். மறுபக்கம் பெரிய உடல், நீண்ட ஆயுள், தாமதமான இனப்பெருக்கம். எந்த உயிரும் முழுக்க இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். பாடநூல்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை விட்டுவிட்டன. சூழ்நிலைக்கு வைத்த பெயர் அப்போதிருந்து உயிரினத்தின் நெற்றியில் ஒட்டிய சீட்டாகிவிட்டது. எண்பதுகளில் மனிதக் கூட்டங்களையே இந்த அட்டவணையால் தரம் பிரிக்கப் புறப்பட்டவர்களும் உண்டு. அறிவியல் அதை நிராகரித்தது. ஆனாலும் அப்படி ஒரு கேட்டுக்கு இடம் கொடுத்தது இந்தச் சீட்டு ஒட்டும் பழக்கம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பங்குனி ஆமையை இந்த அட்டவணையில் எங்கே வைப்பீர்கள்? சென்னைக் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரே மூச்சில் நூறுக்கு மேல் முட்டையிடும். மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் தாமாகவே மேலேறி வரும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் பெரிது என்பார்கள். இதுவரை பார்த்தால் ஆர் பக்கம். ஆனால் அதே ஆமை இனப்பெருக்க வயதை எட்டவே பத்தாண்டுக்கு மேல் ஆகும், அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழும். அது கே பக்கம். ஆலமரமும் இப்படித்தான், நூற்றாண்டுக் கணக்கில் நின்று கணக்கில்லாத விதையை உதிர்க்கும். எந்த வயதில் அதிகம் சாகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஆமைக்குக் குஞ்சுப் பருவம் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் ஆபத்து குறைவு. எழுபதுகளிலிருந்து ஸ்டீபன் ஸ்டெர்ன்ஸ் போன்றோர் எழுப்பிய கேள்விகளால் ஆய்வு இந்த வயதுவாரி இறப்புக் கணக்கின் பக்கம் நகர்ந்தது. ஆர், கே அட்டவணை பாடத்திலேயே நின்றுவிட்டது.

மூலக் கருத்து மட்டும் பொய்யாகவில்லை. மாதவ் காட்கில், பின்னாளில் மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் நாம் அறிந்த அதே காட்கில், ஆட்டோ சோல்ப்ரிக்குடன் சேர்ந்து 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவில் டேண்டலியன் என்ற மஞ்சள் பூச்செடியை எடுத்துக்கொண்டார்கள். மிதிபட்டு, அடிக்கடி குலைக்கப்படும் இடத்தில் விதைக்கு அதிகம் செலவிடும் வகை மிகுந்திருந்தது. தொந்தரவு குறைந்த இடத்தில் விதை குறைவாக விட்டு, பக்கத்துச் செடியோடு மல்லுக்கு நிற்கும் வகை மிகுந்திருந்தது. இரண்டும் ஒரே செடிதான். இடம்தான் வேறு.

நம் வீட்டுக் கொசுவிடமும் நெரிசலின் வேலையைப் பார்க்கலாம். மழை நின்ற தேங்காய்ச் சிரட்டையில் டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டையிட்டால், வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். அதே சிரட்டையில் புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்தால் நாள் கூடும், வெளிவரும் கொசு சிறுத்திருக்கும், அது இடும் முட்டையும் குறையும். ஆர் தேர்வுக்கு உதாரணமாகக் காட்டப்படும் கொசுவும் தாங்குதிறனுக்குக் கட்டுப்பட்டதுதான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 'பன்மகவுத் தேர்வு', 'குறைமகவுத் தேர்வு' என்பது போன்ற பெயர்கள் பொருந்தாது. அவை விளைவைச் சொல்கின்றன, காரணத்தை விட்டுவிடுகின்றன. ஆர் தேர்வைப் பெருக்கத் தேர்வு என்றும், கே தேர்வை நெருக்கத் தேர்வு என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. தடையின்றிப் பெருக இடம் இருக்கும்போது நடக்கும் தேர்வு முதலாவது, நெருக்கடியில் நடக்கும் தேர்வு இரண்டாவது. எதுகை தானாக அமைந்துவிட்டதால் மாணவர் மனதிலும் நிற்கும். ஆர் என்ற எண்ணுக்கு இயல்புப் பெருக்க வீதம் என்ற பெயர் போதும். தேர்வு என்றால் பரீட்சை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் தெரிவு என்று எழுதலாம், பழுதில்லை.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் சொல்லிவிட வேண்டும். செய்தித்தாள்களில் 'யானைகளின் மக்கள்தொகை' என்று வருகிறது. மக்கள் என்பது மனிதரைத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இனக்கூட்டம் என்றும், இலங்கையில் குடித்தொகை என்றும் எழுதுகிறார்கள். கூட்டத்தைச் சொல்லும்போது இனக்கூட்டம், எண்ணிக்கையைச் சொல்லும்போது இனத்தொகை என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

அப்புறம் 'இனப்பெருக்க உத்தி'. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்கும் 'ஸ்ட்ராட்டஜி' படைத்தலைவனின் கலையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் உத்தி என்றால் தொல்காப்பியம் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகள். அவை நூல் செய்பவன் யோசித்துக் கையாள்பவை. ஆமை யோசித்து நூறு முட்டை இடவில்லை. அதனால் இனப்பெருக்கப் போக்கு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. "சுறா தாமதமாக முதிர்ந்து, குறைவாக ஈனும் போக்குடையது. அதன் இயல்புப் பெருக்க வீதம் மத்தியைவிட மிகக் குறைவு. அதனால் ஒரே அளவு பிடித்தாலும் சுறாவின் இனத்தொகை மீள நெடுங்காலம் ஆகும்" என்று எழுதிப் பாருங்கள். ஒரு ஆங்கில எழுத்துகூட இல்லாமல், மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பவருக்கும் விளங்கும்படி வந்துவிடுகிறது.