டேப்பட்: பெயர் ஓர் உறுப்புக்கு, வேலை ஓர் இடைவெளியில்

பைக் இன்ஜினின் தலைப்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தால், அதற்கு 'டேப்பட் சத்தம்' என்று பெயர். சர்வீஸுக்கு விடும்போது "டேப்பட்டையும் பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். வீட்டிலேயே ஆயில் மாற்றிப் பழகியவர்கள் அடுத்ததாகக் கைவைக்கத் துணிவதும் பெரும்பாலும் இதில்தான். இவ்வளவு புழங்கும் சொல்தான். ஆனால் இன்ஜினைத் திறந்து வைத்து டேப்பட் எது என்று கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். சீசாபோல ஆடும் ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலின் நுனியில் இருக்கும் திருகைக் காட்டுவார் ஒருவர், ராக்கரையே காட்டுவார் இன்னொருவர், மேலே இருக்கும் வட்ட மூடியைக் காட்டுவார் மற்றொருவர். அசல் பொருளில் பார்த்தால் மூன்றுமே டேப்பட் இல்லை.

கேம் என்பது முட்டை வடிவில் ஒரு பக்கம் மேடு வைத்த உருளை. அது சுழலும்போது அந்த மேட்டில் ஏறி இறங்கி, அந்த அசைவை வால்வின் பக்கம் கடத்திவிடும் சிறு உறுப்புதான் டேப்பட். பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் திறந்து மூடுவது வால்வு.

சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே 'டேப்' என்றால் லேசாகத் தட்டுதல். அது பழைய பிரெஞ்சு வினைச்சொல் ஒன்றிலிருந்து வந்தது, அடிப்படையில் தட்டும் ஒலியையே போலி செய்து பிறந்த சொல். அதன் கடைசியில் சிறுமையைக் குறிக்கும் 'எட்' விகுதி சேர்ந்து, 'தட்டுகிற சின்ன உறுப்பு' என்ற பொருளில் டேப்பட் ஆகியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் 'டேப்' வேறு. அது 'அடைப்பான்' என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான். நம்முடைய 'தட்டு'க்கும் அந்த 'டேப்'புக்கும் உறவு கொண்டாட ஆசை வரலாம், வேண்டாம். தட்டும் ஓசையிலிருந்து பிறந்த சொற்கள் எந்த மொழியிலும் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும்.

பெட்ரோல் இன்ஜின் வருவதற்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. நீராவி இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் நெம்புகோலை இடித்துத் தள்ளும் முளைக்கு அந்தப் பெயர். விசைத்தறியிலும் டேப்பட் உண்டு.

மோட்டார் சைக்கிளுக்கு வந்தபோது சொல் முழுப்பொருத்தமாகவே இருந்தது. சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வு வைத்த பழைய சைடு வால்வு இன்ஜின்களில் கேமுக்கு மேலே டேப்பட், அதற்கு மேலே நேராக வால்வின் தண்டு. அளவு வைக்கும் திருகும் அதைப் பூட்டும் நட்டும் டேப்பட்டின் தலையிலேயே இருந்தன. அப்போது 'டேப்பட் அட்ஜஸ்ட்' என்றால் உண்மையிலேயே டேப்பட்டைத்தான் அட்ஜஸ்ட் செய்தார்கள். அப்புறம் வால்வுகள் சிலிண்டர் தலைக்குப் போயின. டேப்பட் கீழேயே தங்கியது, நடுவில் புஷ்ராடு என்ற நீண்ட கம்பி வந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட்டில் வேலை அந்தக் கம்பியின் அடியில்தான் நடக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் அளவு.

அதன் பிறகு கேமே மேலே ஏறிவிட்டது. இன்றைய சிறு வண்டிகள் பலவற்றில் ராக்கர் நேராகக் கேமைத் தொடுகிறது, மறுமுனையில் இருக்கும் திருகு வால்வுத் தண்டைத் தொடுகிறது. தனியாக டேப்பட் என்று ஒன்று இல்லவே இல்லை. உறுப்பு போய்விட்டது, பெயர் மட்டும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கெட் வைத்த இரட்டை கேம் இன்ஜின்களில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல அது மறுபடியும் இருக்கிறது. ஆனால் அங்கே திருக எதுவும் கிடையாது, ஷிம் என்ற சிறு வில்லையை மாற்றித்தான் அளவு வைக்க வேண்டும்.

சரி, எதைத்தான் சரிசெய்கிறோம்? ஓர் இடைவெளியை. வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் திருகின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே விடப்படும் மயிரிழை இடம் அது. இன்ஜின் சூடானால் வால்வு நீளும். இடமே இல்லையென்றால் நீண்ட வால்வு ராக்கரில் முட்டி, தன் இருக்கையில் முழுதாக உட்காராமல் நிற்கும். சிறு வண்டிகளில் இந்த இடைவெளி 0.05 மி.மீ., 0.10 மி.மீ. என்கிற அளவில்தான் இருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் பல வண்டிகளில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் உள்ளதுதான் கணக்கு.

வீட்டில் செய்பவர்கள் இன்ஜினை முழுக்க ஆறவிட வேண்டும். ஓட்டிவிட்டு வந்து ஒரு மணி நேரம் என்பதெல்லாம் போதாது, இரவு நிறுத்திக் காலையில் பார்ப்பதே நல்லது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுழற்றுவது எளிது. கையேடு சொல்லும் திசையில் சுழற்றி, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட் சக்கரத்தில் உள்ள 'டி' குறியை அடையாளக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்தால் பிஸ்டன் உச்சியில் நிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய இன்ஜின் இரண்டு முழுச் சுற்று சுற்றும், அதற்குள் அந்தக் குறி இரண்டு முறை வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன், அதாவது கலவையை அழுத்தும் ஸ்ட்ரோக், முடிவில் வருவது. அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டினால் லேசாக ஆடும். ஒன்று இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

அடுத்தது ஃபீலர் கேஜ், தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து. பட்டறைகளில் 'பில்லர் கேஜ்' என்பார்கள். ஆனால் இது எதையும் நிரப்பும் கருவியில்லை, தடவி உணரும் கருவி. உரிய தகட்டை இடைவெளியில் நுழைத்து இழுத்தால், எண்ணெய் தடவிய இரண்டு காகிதங்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவுவதுபோல மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். தகடு வளைந்தால் இறுக்கம், தடையே இல்லாமல் ஓடினால் தளர்வு. அடுத்த பெரிய தகடு நுழையக் கூடாது. அளவு தப்பாக இருந்தால் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை மிக மிகக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும் என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு சுற்றுக்கே 0.06 மி.மீ. மாறிவிடும். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே இழுபடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகடு போட்டுப் பார்க்காமல் மூடியை மாட்டக் கூடாது.

சொல் இங்கே வேலையையே கெடுக்கிறது. 'டேப்பட் லூஸாயிடுச்சு, டைட் பண்ணணும்' என்று கேட்டுக்கேட்டுப் பழகிய காதுக்கு, இது ஏதோ கழன்ற நட்டை இறுக்கும் காரியம்போலத் தோன்றும். சத்தம் நிற்கும் வரை திருகை இறக்குகிறவர்கள் உண்டு. சத்தம் நின்றுவிடும், வண்டியும் நன்றாகிவிட்டதுபோல இருக்கும். ஆனால் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் படிந்து நிற்கும் நேரத்தில்தான் சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது. அந்த நேரம் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் குறையும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். தளர்வு சத்தம் போட்டு எச்சரிக்கும், அதிக இறுக்கம் சத்தமே இல்லாமல் கெடுக்கும். அதிலும் வால்வின் இருக்கை தேயத்தேய இடைவெளி தானாகவே குறையும் என்பதால், சத்தம் கேட்கவில்லை என்று விட்டுவிடவும் முடியாது.

ஆகவே தமிழில் எழுதும்போது உறுப்புக்கு ஒரு சொல், வேலைக்கு ஒரு சொல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. உறுப்புக்கு 'தட்டி' என்று போட்டால் ஓலைத்தட்டியும் விளம்பரத் தட்டியும் நினைவுக்கு வரும். 'உந்தி' என்றால் தொப்புள். 'தட்டுமுளை' எனக்குச் சரியாகப் படுகிறது. தட்டுகிற செயலும் முளைபோன்ற வடிவமும் அதில் இருக்கின்றன. கேமுக்குக் கலைச்சொல் பட்டியல்களில் உள்ள 'நெம்புருள்' நல்ல சொல், பக்கத்தில் வைத்தாலும் ஒத்துப்போகும்.

'வால்வு' என்ற சொல்லை மாற்ற நான் அவசரப்படமாட்டேன். மடிப்புக் கதவின் ஒரு பலகையைக் குறித்த லத்தீன் சொல் அது. 'அடைப்பிதழ்' அந்தப் பலகையை இதழாக்கிக்கொள்கிறது. இதயத்துக்கு அது அழகு, காளான் வடிவ இன்ஜின் வால்வில் இதழ் ஏது? ஒருவழிப் பாதை என்ற பொருளில் அமைந்த 'ஓரதர்' தானாகத் திறந்து மூடும் வால்வுக்குப் பொருந்தும், கேம் தள்ளித் திறக்கிற இதற்குப் பொருந்தாது. பள்ளிப் பாடநூல்களே ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று வால்வை ஏற்றுக்கொண்டு எழுதுகின்றன.

வேலைக்கான சொல் 'வால்வு இடைவெளி சரிபார்த்தல்'. அளவு மாறியிருந்தால் 'வால்வு இடைவெளி திருத்தம்'. 'டைட்', 'லூஸ்' இரண்டையும் விட்டுவிட்டு 'இடைவெளி குறைவு', 'இடைவெளி கூடுதல்' என்று குறித்தால் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதில் குழப்பம் வராது. சர்வீஸ் குறிப்பேட்டில் 'டேப்பட் பார்த்தாச்சு' என்று எழுதுவதற்குப் பதில், 'வால்வு இடைவெளி: இன்டேக் 0.05, எக்ஸாஸ்ட் 0.05, இன்ஜின் குளிர்ந்த நிலை' என்று எழுதி வைத்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்ணும் கையில் இருக்கும்.