காட்டுக்குள் மறைந்த முற்றுகைக் கோட்டையை லேசர் எப்படிக் காண்கிறது?

மண்ணும் மரமும் மூங்கிலும் கொண்டு அவசரமாகக் கட்டி, போர் முடிந்ததும் கைவிட்டுப்போன ஒரு கோட்டை இருந்த இடத்தை 400 ஆண்டுகள் கழித்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு ஜப்பானின் ஹியோகோ மாநிலத்திலுள்ள மிகி நகரம் அருமையான எடுத்துக்காட்டு.

1578இல் மிகி கோட்டையின் தலைவர் பெஷோ நாகாஹாரு, ஜப்பானைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்ற படைத்தலைவர் ஓடா நொபுனாகாவை எதிர்த்து, மேற்குப் பகுதியை ஆண்ட மோரி குடும்பத்தின் பக்கம் சேர்ந்தார். நொபுனாகாவின் தளபதி ஹிதேயோஷி கோட்டையை நேரடியாகத் தாக்கி வீரர்களை இழக்க விரும்பவில்லை. சுற்றியிருந்த குன்றுகளில் ட்சுகேஜிரோ எனப்படும் தற்காலிகக் கோட்டைகளை ஏறக்குறைய 40 வரை எழுப்பி, உணவு வரும் வழிகளை அடைத்தார். 1580 தொடக்கத்தில் பட்டினி தாங்காமல் மிகி வீழ்ந்தது. நாகாஹாரு தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் அந்தச் சிறு கோட்டைகளுக்கு வேலை இல்லை. மரச்சுவர்கள் மக்கின, அகழிகள் பாதி தூர்ந்தன, மேலே காடு வளர்ந்தது.

மிஞ்சியது தாழ்வான மண்கரையும் ஆழமில்லாத பள்ளமும்தான். புதருக்குள் நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் மேடு பள்ளம். இங்கேதான் விமான லேசர் அளவீடு கைகொடுக்கிறது.

விமானம் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான ஒளித்துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு நானோ நொடி வித்தியாசம் என்றால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் வித்தியாசம். அரை மீட்டர் உயரக் கரையைப் பிரித்தறிய மூன்று நானோ நொடிகளைச் சரியாக எண்ணினால் போதும்!

இலைகள் மறைக்காதா? ஓலைப் பந்தலின் இடுக்கில் நுழையும் வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழுமே, அதுபோல லேசரும் இறங்கும். தரையை நெருங்கும்போது ஒரு துடிப்பு சில பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். அதில் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டுத் திரும்பும், ஒரு பகுதி கிளையில், மீதி தரையில். ஒரே துடிப்புக்குப் பல எதிரொலிகள். கடைசியாக வருவது பெரும்பாலும் தரை. அது புதராகவும் இருக்கலாம் என்பதால், அக்கம்பக்கப் புள்ளிகளோடு ஒட்டாமல் துள்ளி நிற்பவற்றைக் கணினி கழித்துவிடும். அப்புறம் மரமே இல்லாத மலை கிடைக்கிறது. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

அதைப் படமாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பதுபோல நிழலிட்டால், அந்த வெயிலின் திசையிலேயே நீண்டு கிடக்கும் கரைக்கு நிழல் விழாது. அது படத்தில் தெரியாமலே போகும். எரிமலை ஆய்வாளர் சிபா தட்சுரோ, ஃபூஜி மலையடிவாரத்து அவோகிகாஹாரா காட்டை ஆராய 2002இல் வேறு வழி கண்டார். அவருடைய படத்தில் சரிவு கூடக் கூடச் சிவப்பு அழுத்தமாகும். முகடு வெளுக்கும், பள்ளம் கருக்கும். திசை என்ற சிக்கலே இல்லை. இப்படிப் பார்க்கும்போது இயற்கை மலையில் பொருந்தாத சமதளங்களும் நேர்கோட்டுப் பள்ளங்களும் தாமாகவே தனித்துத் தெரிகின்றன.

ஹியோகோ மாநிலம் முழுவதற்குமான ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலான உயரத் தரவை 2020இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அளவீடு மக்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் உதவும் அதே தரவில் கோட்டை தேடும் ஆர்வலருக்கும் பங்கு கிடைக்கிறதே!

வீடுகளும் வயல்களுமாகச் சமப்படுத்திவிட்ட இடத்தில் லேசருக்கு வேலை இல்லை. அங்கே தோண்டத்தான் வேண்டும். தூர்ந்த அகழியில் பின்னர் சேர்ந்த மண், சுற்றியுள்ள கலையாத மண்ணிலிருந்து நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபடும். மேல்மண்ணை மெல்லச் சீவினால் அகழியின் விளிம்பு கோடாகத் தெரியும்; கம்பம் நட்ட குழிகள் வட்ட வட்டமாகத் தெரியும். அந்த மண்ணில் அகப்படும் பானை ஓடுகள் போன்றவற்றைக் கொண்டு அது எந்தக் காலத்தது என்று முடிவு செய்வார்கள்.