நோம்பிக்குப் பாடும் பழைய ஆம்ப்ளிஃபயர்

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கம்பத்தாட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் சட்டென்று அடங்கிவிட்டது. மைக் செட் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டர் முனைகளை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். "டிரான்சிஸ்டர் ஷார்ட்டுங்க. ஒயரு எங்கியோ ஒட்டிக்கிச்சு" என்றார். அரை மணி நேரத்தில் பாட்டு திரும்ப வந்தது. அந்தப் பெட்டிக்கு என்னைவிட வயது அதிகம்.

அவரிடமே ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய, பல மைக்கின் ஒலியைக் கலந்து தரும் டிஜிட்டல் மிக்சர் ஒன்றும் இருந்தது. ஒருநாள் ஆன் செய்தால் திரையில் கம்பெனி பெயர் வந்து அப்படியே நின்றுவிட்டது. போர்டையே மாற்ற வேண்டும், அந்த போர்டு இப்போது வருவதில்லை என்று சர்வீஸ்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பழையது பிழைக்கிறது, புதியது சாகிறது. ஏன்? உள்ளே திறந்து பார்த்தால் தெரியும்.

அன்று போனது 2என்3055 என்ற டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இன்றும் பல கம்பெனிகள் அதே எண்ணில் தயாரிக்கின்றன. உலோகத் தொப்பி மாதிரி இருக்கும், அடியில் இரண்டு கால். மூன்றாவது இணைப்பு அந்த உடம்பேதான். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டோடு இரண்டு திருகில் பிணைந்திருக்கும்; நடுவில் மின்சாரம் தாண்டாமல் இருக்க மைக்கா தாள், வெப்பம் கடத்த வெள்ளைப் பசை. இவை ஜோடியாக வேலை செய்யும். ஒலி அலையின் மேல் பாதியை ஒன்றும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் பெரிதாக்க, டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினால் மின்னோட்டம் எகிறி, டிரான்சிஸ்டர் சூட்டில் கருகிவிடும். ஆனால் கருகுவது பெரும்பாலும் அதோடு நிற்கும். திருகைக் கழற்றி, இரண்டு காலையும் சூடுவைத்து எடுத்து வேறொன்றை வைத்தால் போதும்.

மிக்சரின் கதை வேறு. அதன் மூளையான சிப் பல நூறு சின்ன ஈயக் குண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். எல்லாம் சிப்புக்கு அடியில்; சூட்டுக்கோல் அங்கே நுழையாது. அப்படியே புதுச் சிப் பொருத்தினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்ற புரோகிராம், கரண்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது. காப்புச் சுவருக்குள் அடைத்த எலக்ட்ரான்கள்தான் அந்த நினைவு. எழுதி எழுதி அழிக்கும்போது சுவர் தேயும், எலக்ட்ரான் கசியும். நாலு எழுத்து கலைந்தால் பெட்டி எழுந்திருக்காது. அந்தப் புரோகிராம் கம்பெனியைத் தவிர யாரிடமும் இல்லை. 3055ஐ யார் வேண்டுமானாலும் செய்யலாம், இதைச் செய்ய முடியாது. எனக்கு உண்மையாகவே வலிக்கிற இடம் இதுதான்.

டிஜிட்டல் என்பதாலேயே ஆயுசு குறைவு என்று சொல்லிவிட முடியாது. கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசும் மிடி முறை 1983இல் வந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறைக்கு ஒத்துக்கொண்டதால், அன்றைய கீபோர்டு இன்றைய கணினியோடும் பேசுகிறது.

பழைய பெட்டிக்கும் நோய் வரும். அதில் முதலாவது கண்டன்சர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக்கும்போது நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த மேடுபள்ளத்தை நிரப்புவது கண்டன்சர். உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில் கிடக்கும் பெட்டிக்குக் கேட்கவா வேண்டும்! காய்ந்ததும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும்.

இந்தப் பங்குனியில் அண்ணன் பெட்டியிலும் வந்தது. நோம்பிக்கு முந்தின வாரம் ஈரோடு போய் இரண்டு கண்டன்சர் வாங்கி வந்தோம். பழையதைவிட அளவில் பாதிதான் இருந்தது. கிளிப்பில் நிற்காமல் ஆடியது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி இறுக்கினார். இரைச்சல் போய்விட்டது.