வரைவதற்கு முன் திரை இருக்கிறதா என்று பாருங்கள்

இரவில் தானாக இயங்கும் ஒரு காப்புப்பிரதி வேலை தோல்வியடைந்திருந்தது. காரணம் அறிய லாக் கோப்பைத் திறந்தபோது, முன்னேற்றப் பட்டை ஒன்று ஆயிரக்கணக்கான முறை அச்சாகிக் கிடந்ததையும், அதற்கு நடுவே ஒற்றை வரிப் பிழைச்செய்தி புதைந்திருந்ததையும் கண்டேன். அந்தப் பட்டையை எழுதியவன் நானே என்பதால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை.

பட்டை நகர்வதுபோல் தோன்றுவது ஓர் எளிய உத்தியால்தான். 'கேரேஜ் ரிட்டர்ன்' என்னும் குறி, அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சுட்டியை (கர்சர்) அதே வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுசெல்ல, புதிய பட்டை பழையதன் மேல் எழுதப்படுகிறது. கட்டளைகளைத் தட்டச்சிட்டு விடையைப் பார்க்கும் உரைத் திரையான டெர்மினல் இக்குறிக்குக் கீழ்ப்படியும். கோப்போ வந்த எழுத்துகளையெல்லாம் அப்படியே சேமித்துக்கொள்ளும். ஆகவே, வெளியீடு சென்று சேருமிடம் டெர்மினல்தானா என்று முதலில் கேட்டறிய வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 'இஸ்-ஏ-டிடிஒய்' என்ற செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. ஒரு நிரலுக்கு உள்ள இரு வெளியீட்டு வழிகளான வழக்கமான வெளியீட்டுக்கும் பிழை வெளியீட்டுக்கும் இக்கேள்வியைத் தனித்தனியே கேட்பது அவசியம். ஏனெனில் பயனர் முன்னதைப் பைப் வழியாக வேறொரு நிரலுக்கு அனுப்பிவிட்டு, பின்னதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்னேற்றப் பட்டைக்கு உரிய இடம் பிழை வெளியீடே. அங்கும் திரை இல்லையெனில், தொடக்கத்துக்கு ஒரு வரி, முடிவுக்கு ஒரு வரி, இடையில் நிமிடத்துக்கு ஒரு வரி என்று பட்டை தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, 2017இல் முன்மொழியப்பட்ட 'நோ_கலர்' என்ற சூழல் மாறி (நிரல்கள் படித்தறியும்படி பயனர் தம் கணினியில் வைக்கும் அமைப்பு) வெறுமையாக இல்லாமல் அமைக்கப்பட்டிருந்தால், அதன் மதிப்பு எதுவாயினும் நிறம் சேர்க்கக் கூடாது என்பது பல கருவிகள் ஏற்றுக்கொண்ட மரபு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் இருப்பதால், நிறத்தோடு 'தோல்வி' என்ற சொல்லும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அகலம்தான் அதிகச் சிக்கல் தருவது. 80 நெடுவரிசை, அதாவது ஒரு வரியில் 80 எழுத்திடங்கள், என்ற அளவு துளை அட்டைக் காலத்திலிருந்து வருவது. 1978இல் வெளிவந்த விடி100 என்னும் டெர்மினல் கருவியும் 80 நெடுவரிசைகளையும் 24 வரிகளையும் கொண்டிருந்தது. இன்றோ பயனர் சாளரத்தை இரண்டாகப் பிரிப்பார், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அளவையும் மாற்றுவார். ஆதலால் தொடக்கத்தில் ஒருமுறை அறிந்த அகலத்தை நம்பாமல், ஒவ்வொரு முறை வரையும்போதும் கேட்பதே நல்லது. அட்டவணை பொருந்தாதபோது, கலத்தில் உள்ளதை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைப்பதை நான் ஏற்பதில்லை. வெட்டப்பட்ட அடையாள எண்ணை நகலெடுத்துப் பயன்படுத்தவே முடியாதே! ஒவ்வொரு பதிவையும் 'பெயர்: மதிப்பு' என்று கீழ்க்கீழாக அடுக்கினால் 40 நெடுவரிசையிலும் வாசிக்கலாம்.

எழுத்தின் அகலத்தை அளப்பது இன்னொரு தொல்லை. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் 3, யூனிகோடு குறியெண்கள் 5, அவற்றை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் பைட்டுகள் 15. அச்சொல் திரையில் எத்தனை நெடுவரிசை பிடிக்கும் என்பதில் டெர்மினல்களே ஒத்துப்போவதில்லை. கச்சிதமான தீர்வு எதையும் நான் கண்டதில்லை. இத்தகைய உரையைக் கடைசி நெடுவரிசையில் வைத்தால், அகலம் பிசகினாலும் பிற நெடுவரிசைகள் கலையாமல் இருக்கும் என்பதே என் வழக்கம்.

இவையெல்லாம் சாத்தியமாக வேண்டுமானால், பட்டை, அட்டவணை போன்ற ஒவ்வொரு கூறும் தன் நிலையை மட்டுமே வைத்திருக்க வேண்டும்: மொத்தம் எத்தனை, முடிந்தது எத்தனை, கடைசிப் பிழை எது. அதைப் பட்டையாகவோ வெறும் வரியாகவோ பிற நிரல்கள் படிக்கும் ஜேசன் என்ற தரவு வடிவமாகவோ காட்டும் பொறுப்பு, சூழலை அறிந்த தனி வரைவியை, அதாவது வெளியீட்டை வரையும் நிரல் பகுதியை, சேர்ந்தது. அப்படிப் பிரித்த பின், சோதிப்பதும் எளிதாகிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி ஒருமுறை, 40 நெடுவரிசைச் சாளரத்தில் ஒருமுறை, நிறத்தை அணைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பட்டை பாதியில் இருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியும் பாருங்கள். பட்டை வரைவதற்காக மறைத்த சுட்டியைத் திரும்பக் காட்டாமலே வெளியேறும் நிரல்கள் இன்னும் ஏராளம்.